குடிக்காத ஆக்களுக்கும் கண்ணாடிக் கிளாஸ்

அண்ணாவின் மகளுக்குக் கலியாணம் முற்றானதும் வேலைகளைப் பிரிக்க ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ஐயர், மேளம், மணவறை, வீடியோ, சாப்பாடு என்று ஆளுக்கொன்று போக, மாலை வரவேற்பில் குடிக்கக் கொடுப்பதெல்லாம் என் பொறுப்பாயிற்று. சித்தப்பா எனக்கொரு பட்டியல் அனுப்பினார். பாரிஸின் வடக்குப் புறநகரில் அவர் முன்னுக்கு நின்று நடத்தாத கலியாணவீடு, சாமத்தியவீடு குறைவு. அவருடைய பட்டியலில் ஐஸ்கட்டி எத்தனை கிலோ என்பதுவரை இருக்கும். அதில் ஒரு வரி: “ஷாம்பெயின் கிளாஸ் 120, பேப்பர் கப் 400.” வரப்போகிறவர்கள் 280 பேர். ரெலிபோனில் கேட்டேன். “குடிக்கிற ஆக்களுக்குக் கிளாஸ் காணும் பிள்ளை. மற்றாக்கள் ஜூஸ்தானே குடிக்கப் போகினம், பேப்பர் கப் போதும்” என்றார்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த வரி என்னை விடவேயில்லை. “மற்றாக்கள்” யார் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என் அம்மா. மாப்பிள்ளையின் அம்மம்மா. வாழ்நாளில் ஒரு துளி தொடாத மாமாமார். குடித்துப் பிறகு விட்டவர்கள். பிள்ளைத்தாச்சிகள். இரவு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கார் ஓட்ட வேண்டிய பெடியள். பெரியவர்களுக்கு முன்னால் குடிக்கக் கூச்சப்படுகிற பெண்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள். கூட்டிப் பார்த்தால் மண்டபத்தில் பாதிக்கும் மேலே. பொம்பிளை மாப்பிள்ளைக்கு எல்லாரும் ஒன்றாக வாழ்த்துச் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில் இவ்வளவு பேரின் கையிலும் காகிதக் கப். பல வரவேற்புகளில் அதுகூட இருப்பதில்லை. மேடையில் நிற்பவர் “கிளாஸை உயர்த்துங்கோ” என்று ஒலிவாங்கியில் சொல்ல, இவர்கள் வெறுங்கையைத் தட்டுவார்கள்.

காலையில் தாலி கட்டும் நேரத்தில் பூவும் அட்சதையும் வைத்த தட்டம் வரிசை வரிசையாகப் போகும். கதிரையில் இருக்கும் கிழவிக்கும் கிடைக்கும், மடியில் இருக்கும் குழந்தையின் கையிலும் நாலு அரிசி வைப்பார்கள். மாலையில் கிளாஸ் உயர்த்துவதும் அதே வேலையைத்தானே செய்கிறது? அந்தப் பழக்கம் எங்களுக்கு இந்த நாட்டில் வந்ததுதான். பிரான்சில் மேயர் அலுவலகத்தில் கையெழுத்து வைத்த பிறகுதான் சமயச் சடங்கு நடத்தலாம் என்பது சட்டம். கையெழுத்து முடிந்து வெளியே வந்ததும் எல்லாருமாக நின்று ஒரு வாய் குடிக்கும் வழக்கத்தைப் பார்த்துப் பார்த்து நாங்களும் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. வந்தவர்களை இரண்டாகப் பிரிக்கிற ஒரு மரியாதையை நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எனவே எனக்கு வேண்டியது 120 நல்ல கிளாஸ் அல்ல. நானூறுக்குக் கிட்ட, சித்தப்பாவின் காசுக்கணக்கை உடைக்காத கிளாஸ்.

உயரமானதும் அகலமானதும்

ஷாம்பெயின் என்றதும் எல்லாருடைய கண்ணிலும் வருவது ஃப்ளூட், அந்த ஒடுங்கிய நெட்டைக் கிளாஸ். அது ஏன் வந்தது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஷாம்பெயின் மாவட்டத்து ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் குமிழிகளையே ஆராய்ந்து வருகிறார். 2014இல் அவர் போட்ட கணக்கின்படி ஒரு ஃப்ளூட்டில் ஊற்றிய 100 மில்லிலீற்றரிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் குமிழிகள் எழும்பும். அகன்ற வாயுள்ள கூப் கிளாசில் மேற்பரப்பு பெரிது, வாயு விரைவாகப் போய்விடும். ஒடுங்கிய கிளாசில் அது தங்கி நிற்கும். ஆனால் 2012இல் அதே குழு இரண்டு கிளாஸ்களுக்கும் மேலேயுள்ள காற்றை அளந்தபோது, ஃப்ளூட்டின் வாயில் கரியமிலவாயு நிறையச் சேர்ந்து நிற்பது தெரிந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனதும் சுள்ளென்று ஏறுவது அதனால்தான். மணம் பிடிபடுவதற்குள் மூக்கு விலகிவிடும். இன்று ஷாம்பெயின் தயாரிப்பவர்களிலேயே பலர், நடுவில் கொஞ்சம் வயிறு வைத்து வாய் சுருங்கிய துலிப் வடிவத்தில்தான் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

சுவையை ஒரு பக்கம் வைத்தாலும், பெரிய விழாவுக்கு ஃப்ளூட்டை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் தட்டம்தான். இருபது சென்ரிமீற்றரைத் தாண்டிய உயரம், சின்னப் பாதம். எங்கள் கலியாணங்களில் தட்டம் தூக்குகிறவர்கள் தேர்ந்த பரிமாறுநர்கள் அல்ல, மருமக்களும் அவர்களுடைய நண்பர்களும். பாட்டுப் போய்க்கொண்டிருக்கும், சின்னதுகள் காலுக்குள் ஓடும், சேலைத் தலைப்பு ஒன்று தட்டத்தின் ஓரத்தில் உரசும். ஒரு ஃப்ளூட் சாய்ந்தால் தனியே சாயாது, பக்கத்தில் உள்ளதையும் கூட்டிக்கொண்டு போகும். பிறகு குசினியில் நின்று அதற்குள் கை விட்டுக் கழுவவும் முடியாது.

கூப் கிளாஸ் அழகு, மறுக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து ஊற்றும் கோபுரம் இல்லாமல் இப்போது எங்கள் வரவேற்பு நடப்பதில்லை. வாய் அகன்று ஒன்றையொன்று தொட்டு நிற்கிற கிளாஸ் மட்டுமே அப்படி அடுக்குப்படும், ஆகவே கோபுரத்துக்குக் கூப்தான். மருமகள் அதை ஆசையாகக் கேட்டாள், நானும் சம்மதித்தேன், ஆனால் நாலு தட்டு மட்டும். சதுரமாக அடுக்கினால் 1, 4, 9, 16, மொத்தம் 30 கிளாஸ். ஐந்தாம் தட்டு போட்டால் 55, ஆறாம் தட்டுக்கு 91. படத்தில் நாலு தட்டும் ஆறு தட்டும் ஒரே அழகுதான். மேலிருந்து வழிந்து வருவது சூடேறி, காஸ் போய், கிளாசின் வெளிப்பக்கமெல்லாம் பிசுபிசுக்கும். அதை எடுத்து ஆட்களுக்குக் குடிக்கக் கொடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை. கோபுரம் படத்துக்கு, குடிக்கிறது தட்டத்தில்.

பிளாஸ்ரிக்கையும் பார்த்தேன். பிரான்சில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் கப்புகளை 2020இலிருந்து விற்க முடியாது. ஆனாலும் கடைகளில் கால் வைத்த பிளாஸ்ரிக் ஃப்ளூட் “மீண்டும் பாவிக்கலாம்” என்ற எழுத்தோடு தொங்குகிறது. பாதத்தைத் தனியாகப் பூட்ட வேண்டும், கொஞ்சம் அழுத்திப் பூட்டினால் வெடிக்கும். அதைவிடப் பெரிய குறை உள்ளே நடக்கிறது. கண்ணாடிச் சுவரில் குமிழிகள் நூல் பிடித்ததுபோல் வரிசையாக மேலே போகும். பிளாஸ்ரிக் சுவர் ஈரத்தைத் தள்ளுகிற தன்மையுள்ளது, குமிழிகள் அதில் ஒட்டிக்கொண்டு பெரிதாகிப் பெரிதாகி, பிறகுதான் விடுபடும். வாயில் வைத்தால் சோடா மாதிரி இருக்கும். போத்தலுக்கு இருபது யூரோவுக்கு மேல் கொடுத்துவிட்டு, சில சதங்களை மிச்சம் பிடிக்க அதைக் கெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாங்கிவிடலாமே என்றார் அண்ணா. மலிவுக் கடையில் ஒரு கிளாஸ் ஒன்றரை, இரண்டு யூரோ. நானூறு கிளாஸ் என்றால் அறுநூறு தொடக்கம் எண்ணூறு யூரோ. விழா முடிந்தபின் அவற்றை எங்கே வைப்பது? எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் சைக்கிள் வைக்கவே இடமில்லை. ஆனாலும் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தது வீண் போகவில்லை, மலிவுக் கிளாசை எப்படிப் பார்ப்பது என்று அங்கேதான் பழகினேன். காலில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் ஒரு மெல்லிய கோடு தட்டுப்படும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அதனால் ஒரு குறையும் இல்லை. விளிம்பைத் தடவினால் சின்னதாக ஒரு உருட்டு இருக்கும். விலை கூடிய கிளாசில் விளிம்பை வெட்டி மெல்லிசாக்கியிருப்பார்கள், உதட்டில் பட்டதே தெரியாது. உருட்டு விளிம்பு உதட்டில் தடிப்பாகத் தெரியும், ஆனால் இடிபட்டால் இலகுவில் சில்லுப் போகாது. பெரிய கூட்டத்துக்கு அந்த உருட்டுத்தான் வேண்டும். கட்டாயம் பார்க்க வேண்டியது பாதம். மட்டமான மேசையில் வைத்து விளிம்பை ஒரு விரலால் மெல்ல அமர்த்த வேண்டும். டக் டக் என்று ஆடினால் அந்த வகையே வேண்டாம்.

கீழ்த்தட்டில் இருந்த கிளாஸ்

கடைசியில் வாடகைக்கு எடுப்பதென்று முடிவு செய்து, பாத்திரம், மேசை, கதிரை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு களஞ்சியத்துக்குப் போனேன். அங்கே நின்ற மனிதர் வயதானவர், அவசரமில்லாதவர். எத்தனை பேர், எந்த மாதம், நின்று குடிப்பார்களா இருந்து குடிப்பார்களா, மண்டபத்தில் குளிரூட்டி இருக்கிறதா என்று கேட்டார். எத்தனை பேர் மது குடிப்பார்கள் என்று அவர் கேட்கவேயில்லை. நானாகத்தான் சொன்னேன், பாதிக்கு மேல் குடிக்காதவர்கள், ஆனால் எல்லாருடைய கையிலும் ஒரே கிளாஸ் இருக்க வேண்டும் என்று. அவர் ஃப்ளூட் அடுக்கியிருந்த தட்டைத் தாண்டிப் போய், குனிந்து, கீழ்த்தட்டில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு குட்டைக் கிளாசை எடுத்து என் கையில் வைத்தார். “இனாவோ கிளாஸ். தண்ணீர், ஜூஸ், வைன், ஷாம்பெயின், எது வேண்டுமானாலும் ஊற்றுங்கள்.”

அந்தக் கிளாசை எனக்குத் தெரியும். இங்கே வைன் சந்தைகளிலும் ஊர் மண்டபங்களிலும் சாதாரணமாகக் கிடப்பது. கலியாணத்துக்கு என்று யோசித்ததில்லை, அவ்வளவுதான். உயரம் 15.5 சென்ரிமீற்றர். முட்டை வடிவம். வயிற்றில் ஆறரை சென்ரிமீற்றர், வாயில் நாலரைக்குச் சற்று மேல். 21.5 சென்ரிலீற்றர் கொள்ளும். கால் கட்டை, ஆனால் இரண்டு விரலும் பெருவிரலும் பிடிக்கப் போதும், உள்ளங்கைச் சூடு ஏறாது. வாய் சுருங்கியிருப்பதால் காஸ் தங்கும், வயிறு இருப்பதால் மணம் நிற்கும். துலிப் செய்கிற வேலையை இது சின்ன அளவில் செய்கிறது. இரண்டு விரலால் தட்டிப் பார்த்தேன், அசைந்து தன்பாட்டில் நின்றது.

அது எதற்காக உருவானது என்பதை நினைத்தபோதுதான் என் மனம் முடிவாகியது. பிரான்சில் எந்த வைன் எந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதைக் கவனிக்கும் தேசிய நிறுவனத்தின் பெயரைத்தான் அந்தக் கிளாஸ் சுமக்கிறது. 1977இல் ஐ.எஸ்.ஓ. 3591 என்று அதற்குச் சர்வதேச அளவு வந்தது. சுவை பார்க்கிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே அளவு, ஒரே வடிவக் கிளாசில் பார்க்க வேண்டும். பெயர்பெற்ற வைனுக்கு ஒரு கிளாஸ், பெயரில்லாத வைனுக்கு ஒரு கிளாஸ் என்று வைத்தால் தீர்ப்பு நியாயமாக இராது. அதற்காகவே வந்த கிளாஸ் அது. நான் சித்தப்பாவிடம் சொல்லத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது இதைத்தான். பெட்டியைக் காட்டி, இதுதான் என்றேன்.

வைன் தெரிந்தவர்கள் இந்தக் கிளாசைப் பழசு என்பார்கள், சின்னது என்பார்கள். பல வருடம் நிலவறையில் கிடந்த நல்ல போத்தலொன்றை நாலு பேர் இருந்து குடிப்பதென்றால் நானும் பெரிய துலிப்தான் கேட்பேன். ஒரு வாழ்த்துக்கு ஊற்றும் பத்து சென்ரிலீற்றருக்கு இதில் குறையொன்றும் இல்லை.

காசு

சித்தப்பாவுக்குக் காசுக்கணக்கைக் காட்டாமல் எதுவும் நடக்காது. ஃப்ளூட் வாடகை ஒன்று 45 சதம், 120க்கு 54 யூரோ. பேப்பர் கப் 25 யூரோ அளவில். ஆக 79. இனாவோ கிளாஸ் 40 சதம். ஒரு பெட்டியில் 36. எங்கள் ஆட்கள் கிளாசை ஏதாவதொரு மேசையில் வைத்துவிட்டு நடனத்துக்குப் போவார்கள், திரும்பி வந்து புதிது எடுப்பார்கள். ஆகவே ஆளுக்கு ஒன்றரை என்று வைத்தேன். 280 பேருக்கு 420, பன்னிரண்டு பெட்டியில் 432. வாடகை 172 யூரோ 80 சதம். கொண்டுவந்து இறக்கி ஏற்றும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். கழுவாமலே திருப்பிக் கொடுக்கலாம், மிச்சத்தை ஊற்றிவிட்டுப் பெட்டியில் கவிழ்த்தால் போதும். விழா முடிந்த நடுச்சாமத்தில் குசினியில் நின்று கிளாஸ் கழுவப் போவது எங்கள் வீட்டுப் பெண்கள்தான் என்பதால் இந்த ஒரு வசதியை நான் காசாகவே எண்ணினேன்.

வித்தியாசம் 94 யூரோ. ஃப்ளூட்டுக்கு 12 சென்ரிலீற்றர் என்று ஊற்றினால் போத்தலுக்கு ஆறு, 120 பேருக்கு 20 போத்தல். குட்டைக் கிளாசில் பத்து ஊற்றினாலே பாதிக்குக் கிட்ட நிற்கும், வெறுமையாகத் தெரியாது. போத்தலுக்கு ஏழு, ஆக 18 போத்தல். இரண்டு போத்தல் மிச்சம், நாற்பத்தைந்து யூரோவுக்குக் கிட்ட. அதைக் கழித்தால் ஆளுக்கு இருபது சதம்கூட வராது. “இருபது சதத்துக்கு அம்மாவின்ரை கையிலை பேப்பர் கப்பைக் குடுக்கப் போறமோ, சித்தப்பா?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார், அது சரியான கேள்வி. “எல்லாம் ஒரே கிளாஸ் எண்டால் குடிக்காத ஆள் மாறி எடுத்துக் குடிச்சுப்போட்டால்?”

அதுதான் இந்தத் திட்டத்தின் ஆபத்தான இடம். குடிக்காதவர்களுக்கு நான் நினைத்திருந்தது ஷாம்பொமி, இங்கே பிள்ளைகளின் பிறந்தநாளில் திறக்கிற காஸ் போட்ட அப்பிள் ஜூஸ். நிறமும் குமிழியும் ஷாம்பெயின் மாதிரியே. விரதக்காரர், மருந்து எடுப்பவர், பிள்ளைத்தாச்சி யாராவது மாறி எடுத்தால் விளையாட்டல்ல. ஆகவே கிளாசைப் பிரிக்காமல் தட்டத்தைப் பிரித்தோம். ஷாம்பெயின் தட்டங்களின் இரண்டு கைபிடியிலும் சிவப்பு நாடா. அவற்றைத் தூக்குவது இரண்டு பேர் மட்டும், அவர்கள் வேறு தட்டத்தைத் தொடுவதில்லை. ஊற்றுகிற மேசைகள் மண்டபத்தின் எதிரெதிர் மூலையில். மாம்பழ ஜூஸ் பார்த்தாலே தெரியும், அது எந்தத் தட்டத்திலும் போகலாம்.

அன்று மாலை

பெரிய தொட்டியில் ஐஸ்கட்டியோடு தண்ணீரும் விட்டுப் போத்தல்களை அமிழ்த்தினோம். ஐஸ் மட்டும் போட்டால் போத்தலில் அங்கங்கே தொட்டுக்கொண்டு கிடக்கும், தண்ணீர் சேர்த்தால்தான் சுற்றிவரப் பிடித்துக் குளிர்விக்கும். எட்டுக்கும் பத்துப் பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். கிளாஸ்களைப் பருத்தித் துணியால் துடைக்கச் சொன்னேன். பளபளப்புக்காக மட்டுமல்ல. குமிழி சும்மா பிறப்பதில்லை, துணியும் காற்றும் விட்டுப்போன கண்ணுக்குத் தெரியாத நார்த்துண்டுகளுக்குள் அடைபட்ட காற்றிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு நார்கூட இல்லாத கிளாசில் ஷாம்பெயின் அசையாமல் கிடக்கும். ஊற்றும்போது கிளாசைச் சரித்துப் பிடிக்கவும் பெடியளுக்குக் காட்டினேன். நேரே விழுத்தினால் நுரை பொங்கி காஸ் வீணாகும். ரான்ஸ் குழு அதையும் 2010இல் அளந்து காட்டியிருக்கிறது.

இன்னொன்று, ரோல்ஸும் வடையும் வர முன்னர் வாழ்த்தை முடித்துவிட வேண்டும் என்று சமையல்காரரிடம் கெஞ்சிக் கேட்டேன். எண்ணெய் பட்ட உதடு கிளாசைத் தொட்டதும் மேலே நிற்கும் நுரை அடங்கிவிடும். உதட்டுச்சாயமும் அப்படித்தான். அவர் முகத்தைச் சுழித்தார், ஆனாலும் கால் மணித்தியாலம் பொறுத்தார்.

அம்மாவுக்குக் கிளாசை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்தா. “இதுக்குள்ளை என்ன பிள்ளை?” அப்பிள் ஜூஸ் அம்மா, காஸ் உள்ளது என்றேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அடியிலிருந்து கிளம்புகிற குமிழிகளைப் பார்த்தா. பிறகு பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அம்மம்மாவுக்கும் பிடித்துக் காட்டினா. மேடையிலிருந்து சொன்னதும் இரண்டு பேரும் உயர்த்தினார்கள். சுற்றி நின்ற பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவர்களுடைய கிளாசில் முட்டினார்கள். காகிதத்தில் எழும்பாத அந்த ஓசை மேசை மேசையாகப் போனது. வெறுங்கையோடு யாரும் நிற்கவில்லை. அம்மா முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கோ என்று கேட்டா.

மூன்று கிளாஸ் உடைந்தது, ஃப்ளூட் என்றால் அந்தச் சனத்துக்குள் மூன்றோடு நின்றிருக்காது என்பது என் எண்ணம். ஒன்றுக்கு இரண்டு யூரோப்படி கழித்துக்கொண்டு, பிணைக்குக் கொடுத்திருந்த காசோலையைத் திருப்பித் தந்தார்கள்.

இப்போது அடுத்த மாதச் சாமத்தியவீடு ஒன்றுக்குச் சித்தப்பா அந்தக் களஞ்சியத்தின் ரெலிபோன் இலக்கத்தை வாங்கியிருக்கிறார். பெரியவர்களுக்குக் கண்ணாடி என்பதில் அவருக்கு இனி மறுப்பில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பேப்பர் கப்தான் என்று பிடியாக நிற்கிறார், கால் வைத்த கிளாஸ் அவர்கள் கையில் நிற்காது என்பது அவருடைய நியாயம். நாலு வயதுப் பிள்ளை விஷயத்தில் அவர் சொல்வது சரி. அதற்கு நான் சொல்லியிருப்பது டுராலெக்ஸ். ஓர்லேயோனுக்குப் பக்கத்தில் செய்கிற, கால் இல்லாத, பதப்படுத்திய தடித்த கண்ணாடிக் கிளாஸ், விழுந்தாலும் இலகுவில் உடையாது. இந்த நாட்டுப் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபங்களில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதில்தான் தண்ணீர் குடித்து வந்திருக்கிறார்கள், குடித்து முடித்ததும் அடியில் அச்சடித்த இலக்கத்தைப் பார்த்து, எனக்கு இன்றைக்கு 38 வயது, உனக்கு எத்தனை என்று கேட்பார்கள். அது என்ன விலை வருமென்று சித்தப்பா நேற்றுக் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.